இரண்டு வரி கேட்டவள்

சுதாராணி தன் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. பூவனநாதன் முதலாளியே அவசரப்படுத்தினாலும், லாரியில் ஏறிய தீப்பெட்டி பண்டல்களை வெயிலில் நின்று எண்ணி முடித்த பிறகுதான் பேனா மூடியைக் கழற்றுவாள். பதினாறு வருஷமாக அந்தத் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிற அவளுக்கு இருக்கிற மரியாதை அந்த ஒரு குணத்தால் வந்தது. அப்படிப்பட்டவளுடைய மேஜையில்தான், மார்ச் மாதத்து மத்தியானம் இரண்டே முக்கால் மணிக்கு, முத்துச்செல்வி ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள்.

“படிச்சுப் பாத்துட்டு கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்ருங்கக்கா. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்.”

முத்துச்செல்வி பெட்டியில் குச்சி அடைக்கும் ஷெட்டில் வேலை பார்ப்பவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தாளில் அவளுடைய குண்டுக் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘அக்டோபர் ஒன்றாம் தேதி, ஆயுத பூஜை அன்று, பகல் பதினொன்றரை மணி நிகழ்ச்சியில், தேரிக்காற்று எஃப்.எம். வானொலியில் முத்துச்செல்வி எழுதிப் பாடிய பாட்டை நான் என் காதால் கேட்டேன்.’

சுதாராணி கேட்கவில்லை. ஒரு வரிகூடக் கேட்கவில்லை. ஆனால் கேட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று முத்துச்செல்வி ஓட்டமும் நடையுமாக வந்து, “அக்கா, எம் பாட்டு ரேடியோவுல வந்துச்சே, கேட்டியளா?” என்று நின்றாள். முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. இல்லை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. “கேட்டேன்ட்டி. தொண்டை அடைச்சிட்டு எனக்கு” என்று சொல்லிவிட்டாள். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதை அந்தப் பெண் ஆறு மாதமாகத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். ஷெட்டில் யார் நம்பாவிட்டாலும், “சுதாக்கா கேட்ருக்காவ, போய்க் கேளுங்க” என்பாள். ஜனவரியில் அதே பாட்டை யூடியூபில் ஏற்றி லிங்க் அனுப்பினாள். சுதாராணி அதையும் திறக்கவில்லை. ஏற்கெனவே கேட்டவள் ஆயிற்றே, மறுபடி எதற்கு?

வினை சென்னையிலிருந்து வந்தது. ரிதம்வேலி மியூசிக் என்று ஒரு கம்பெனி. நவம்பரில் அவர்கள் வெளியிட்ட ஒரு பாட்டின் முதல் இரண்டு வரி, ராகத்தோடு, எழுத்து மாறாமல் முத்துச்செல்வியுடையது. யார் வழியாக அங்கே போனதோ தெரியாது. மூன்றாவது வரியிலிருந்து அவர்கள் டமடமவென்று வேறு எங்கேயோ போய்விடுவார்கள். கேள்வி கேட்க வேண்டியவள் முத்துச்செல்வி. ஆனால் நோட்டீஸ் வந்ததும் அவளுக்குத்தான். எங்கள் பாட்டைத் திருடி ஜனவரியில் போட்டிருக்கிறாய், நவம்பருக்கு முன்பே உன் பாட்டு வெளிவந்ததற்குச் சாட்சியம் இருந்தால் ஏழு நாளில் அனுப்பு, இல்லையென்றால் பாட்டும் போகும், சேனலும் போகும் என்று எழுதியிருந்தார்கள். பாட்டை உடனே எடுத்தும் விட்டார்கள். பாட்டைப் பதிவு செய்த எட்டயபுரம் ஸ்டுடியோக்காரரோ, பழைய கம்ப்யூட்டரை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டதாகக் கையை விரித்துவிட்டார்.

ஏழாவது நாள் இன்றுதான்.

சாயங்காலம் வேலை விட்டதும் ஆபீஸ் வாசலில் எல்லாப் பெண்களின் டிபன் பையையும் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். நேற்று வரிசையில் நின்ற எவளோ ஒருத்தி, “முத்து பையை நல்லாப் பாருங்க, உள்ள அடுத்தவிய பாட்டு ஏதும் இருக்கப்போவுது” என்று சொல்ல, வரிசையே சிரித்திருக்கிறது. அதைச் சொல்லும்போது முத்துச்செல்வி அழவில்லை. அழுதிருந்தால் சுதாராணிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“கையெழுத்து எங்க போயிரப்போவுது? அதவிட வலுவா ஏதாவது சிக்குதான்னு முதல்ல பாப்போம். ரேடியோவுல எந்தப் பாட்டை எத்தன தடவ போட்டான்னு கணக்கு வைக்கிறதுக்குன்னே ஆளுக இருக்காவளாம்” என்று கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

முதலாளி தூத்துக்குடி ஹார்பருக்குப் போயிருந்தார். திரும்ப ஐந்தாகும்.

தேடியதும் கொட்டியது. ஏர்ப்ளே சார்ட் என்று போட்டால் அமெரிக்காவில் இந்த வாரம் எந்தப் பாட்டு எத்தனை தடவை ஒலித்தது, இங்கிலாந்தில் எத்தனை, பிரேசிலில் எத்தனை என்று பட்டியல் பட்டியலாக வந்தது. கோவில்பட்டிக்கு வரும் வழிதான் தெரியவில்லை. தமிழ், எஃப்.எம்., வாரப் பட்டியல் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். ஒரு தளம் பத்துப் பாட்டை மட்டும் காட்டிவிட்டு மீதியைச் சந்தாதாரருக்கு என்று மூடி வைத்திருந்தது. அந்தப் பத்தில் நான்காவதாக ரிதம்வேலியின் பாட்டு நின்றது. முத்துச்செல்வி திரையை ஒரு விநாடி பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்னொரு தளத்தில் பழைய பட்டியல்களும் இருந்தன. சுதாராணி அக்டோபர் முதல் வாரத்தைத் திறந்தாள். இருநூறு பாட்டு. மேலிருந்து கீழே, கீழேயிருந்து மேலே, இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்தாள். இல்லை. அடியில் பொடி எழுத்தில் எந்தெந்த ஊர் ஸ்டேஷன்களைக் கணக்கில் எடுத்தார்கள் என்று போட்டிருந்தது. சென்னை, கோவை, மதுரை. மதுரைக்குத் தெற்கே ரேடியோ பாடுவதே அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது.

“இவனுவ மதுரையத் தாண்டி இந்தப் பக்கம் வரவே இல்லட்டி” என்றாள் எரிச்சலோடு.

“மணி மூணே காலுக்கா.”

பிறகு ரேடியோ தொழில் செய்திகளுக்கென்றே நடத்தும் தளங்களுக்குள் நுழைந்தாள். எந்த ஸ்டேஷனை யார் வாங்கினார்கள், எந்த அறிவிப்பாளர் எங்கே தாவினார், லைசன்ஸ் ஏலம் எப்போது, இதையெல்லாம் தினமும் எழுத ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் ஒன்றில் தேரிக்காற்று எஃப்.எம். என்று தேடியதும் இரண்டு செய்தி வந்தது. செப்டம்பர் இருபத்தொன்பது தேதியிட்டது ஒன்று: உள்ளூர்ப் பாடகர்களுக்காகப் புதிய நிகழ்ச்சி, ஆயுத பூஜை அன்று பகல் பதினொன்றரைக்குத் தொடக்கம்.

“இந்தா இருக்கே! நாள் இருக்கு, நேரம் இருக்கு!” முத்துச்செல்வி மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். “எம் பேரு?”

பேர் இல்லை. நிகழ்ச்சி மட்டும்தான். இருந்தாலும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்தாள் சுதாராணி. அடுத்த செய்தி டிசம்பரில் வந்தது: தேரிக்காற்று கை மாறியது. அதில் புது நிர்வாகியின் செல் நம்பர் இருந்தது. போட்டாள். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார்.

“ஒலிபரப்புப் பதிவு தொண்ணூறு நாளைக்குத்தான் வச்சிருப்போம் மேடம். அக்டோபர்ல உள்ளது எப்பமோ அழிஞ்சிருக்கும். அந்த நிகழ்ச்சிய நடத்துனவியளும் இப்ப இங்க இல்ல.”

போனை வைத்தபோது மணி மூன்றே முக்கால். மின்விசிறிக் காற்றில் வெள்ளைத் தாள் படபடத்தது. முத்துச்செல்வி அதன் மேல் பேப்பர்வெயிட்டை எடுத்து வைத்து, தாளைச் சுதாராணியின் பக்கம் நகர்த்தினாள்.

“பெத்தம்மா சித்தி!” என்றாள் சுதாராணி திடீரென்று.

ஷெட்டுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. தீப்பற்றும் மருந்தும் குச்சியும் இருக்கிற இடம். அதனால் வெளியே ஒரு ரேடியோவை வைத்து, ஷெட்டுக்குள் குழாய் ஸ்பீக்கர் மாட்டி, காலை எட்டிலிருந்து மாலை வரை ஒரே ஸ்டேஷனை ஓட விடுவார்கள். பெண்களும் வேறு வழியில்லாமல் கேட்பார்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கொல்லுகிறான் என்று கோபப்பட்டு, மூத்தவள் பெத்தம்மாள் ஒரு வேலை செய்து வந்தாள். கெட்டுப்போன லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் தேதி போட்டு, எந்தப் பாட்டு எத்தனை தடவை என்று கோடு கிழித்து வைப்பாள். என்றைக்காவது ஸ்டேஷன்காரனைப் பார்த்தால் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்பது அவள் எண்ணம். வாரப் பட்டியல் போடும் பெரிய கம்பெனிகள் செய்வதும் இதேதான். அவர்களுக்குக் கோபம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆள் அனுப்பியதும் பெத்தம்மாள் இடுப்பில் தாள்கட்டோடு வந்தாள். ஆகஸ்ட், செப்டம்பர் என்று சுதாராணி புரட்டினாள். செப்டம்பர் முப்பது இருந்தது. கோடுகள் நெருக்கமாக விழுந்திருந்தன. அடுத்த தாளில் அக்டோபர் மூன்று.

“ஒண்ணாந்தேதி எங்க சித்தி?”

“அன்னைக்கு எப்படித் தாயி? நாங்க எல்லாரும் பொரிகடலைய வாங்கிட்டு பத்து மணிக்கே வீட்டுக்குப் போயிட்டோம். ரேடியோவையும் சாமிக்கு வச்சிட்டாவல்லா. சந்தனம் வச்ச பொருளத் தொடுவாவளா யாரும்?”

உண்மைதான். வருஷம் பூராவும் உழைக்கிற சாமான் என்று, தராசு, கணக்குப் புத்தகம், தையல் ஊசி, கத்தரிக்கோல் எல்லாவற்றோடும் ரேடியோவையும் துடைத்துப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் அடுக்கியவள் சுதாராணியேதான். முத்துச்செல்வியின் பாட்டு வந்த நேரத்தில் ஆபீஸ் ரேடியோ வாயை மூடிக்கொண்டு கற்பூரம் வாங்கிக்கொண்டிருந்தது. பெத்தம்மாள் தாள்களைக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

நான்கு பத்து.

“இனி தேடாண்டாம்” என்றாள் முத்துச்செல்வி. “நீங்க கையெழுத்துப் போடுங்க. ஒரு ஆளு நேர்ல கேட்டதா எழுதிக் குடுத்தா அவிய எடுத்துக்கிடுவாவ. அந்தச் செய்தியையும் சேத்து அனுப்புவோம்.”

சுதாராணி பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றவில்லை.

“ஏங்க்கா?”

சுதாராணி மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

“ஒன்றரை மணி நேரமா எங்கெங்கயோ தேடுதிய. அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வந்துட்டிய. முன்னால கெடக்க தாள மட்டும் தொட மாட்டேங்கிய.” முத்துச்செல்வி தாளை விரலால் தட்டினாள். “நீங்களும் நான் திருடிட்டேன்னு நெனைக்கியளா?”

இதற்கு மேல் எங்கே ஒளிய? சுதாராணி பேனாவைக் கீழே வைத்தாள்.

“நான் கேக்கல முத்து.”

“என்னது?”

“ஒம் பாட்ட நான் கேக்கவே இல்ல. நீ அன்னைக்கு வந்து கேட்டப்ப, உன் முகத்தப் பாத்துட்டு சும்மா சொல்லிட்டேன். நீ அனுப்புன லிங்கையும் நான் தெறந்து பாக்கல. கேக்காதத கேட்டேன்னு எப்படிட்டி கையெழுத்துப் போட?”

அடிவாங்கினவள் போல முத்துச்செல்வி ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவள் கத்தியிருக்கலாம். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருக்கலாம். தாளை எடுத்து நான்காக மடித்தாள், அவ்வளவுதான்.

“தொண்டை அடைச்சிட்டுன்னு சொன்னிய” என்றாள். “ராத்திரி படுத்தா அதத்தான் நெனச்சுக்கிடுவேன்.”

வாசலைப் பார்த்து நடந்தாள். சுதாராணி எழுந்து போய்த் தடுக்கவில்லை. பதினாறு வருஷக் கையெழுத்து மரியாதையை வைத்து இப்போது என்ன செய்வது என்று தோன்றியது. மனதுக்குள் பெத்தம்மாளின் பேச்சுதான் சுற்றிச் சுற்றி வந்தது. ரேடியோவையும் சாமிக்கு வச்சிட்டாவல்லா. அந்த அடுக்கை, பொட்டு வைத்த ரேடியோவை, பூஜைக்குப் பிறகும் எங்கேயோ பார்த்திருக்கிறாள். போட்டோவிலா? இல்லை, அது அசைந்தது. கற்பூரப் புகையோடு அசைந்தது.

“முத்து, நில்லு! மொதலாளி லைவ் போட்டாருல்லா!”

பூவனநாதனுக்கு அது ஒரு பழக்கம். மும்பையில் இருக்கிற மகளும் மருமகனும் பார்க்கவேண்டும் என்று வருஷா வருஷம் ஆயுத பூஜையை ஃபேஸ்புக்கில் நேரலையாகப் போடுவார். சுதாராணி அவர் பக்கத்தைத் திறந்து கீழே கீழே இறக்கினாள். கல்யாணம், வளைகாப்பு, ரோட்டரி கூட்டம், பொங்கல், தீபாவளி. பிறகு அது வந்தது. அக்டோபர் ஒன்று, பகல் பதினொன்று இருபத்தெட்டு. நேரலை, இருபத்திரண்டு நிமிஷம். யாரும் பின்னால் திருத்த முடியாத நேரம்.

“அதுல என்னக்கா இருக்கப்போவுது? ரேடியோவத்தான் மூடி வச்சிட்டியளே.” முத்துச்செல்வி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே வரவில்லை.

“லாரி இருந்துச்சு.”

சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். படம் ஆடியது. கணக்குப் புத்தகங்கள், தராசு, சந்தனம் அப்பிய ரேடியோ, இலையில் பொரிகடலை. முதலாளியின் மூச்சுச் சத்தம். ஐந்து நிமிஷம் போனது, ஒன்றும் இல்லை. கேமரா முற்றத்துக்கு வந்தது. கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்ட லாரி. டிரைவர் திருப்பதி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தான். கேபின் கதவு திறந்திருந்தது. உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ நகைக்கடை விளம்பரம், பிறகு இசை, பிறகு ஒரு அறிவிப்பாளரின் குரல்: “...நம்ம கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து முத்துச்செல்வி, அவங்களே எழுதிப் பாடின பாட்டு, இதோ.”

முத்துச்செல்வி நிலையை விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

*கரிசல் வெடிப்புக்குள்ள கால்கொலுசு போட்டுவச்சேன்*
*மழை வந்து மூடுமுன்னே மாமன் வந்து எடுக்கலையே*

வாத்தியம் எதுவும் பெரிதாக இல்லை. கேபினுக்குள்ளிருந்து வந்த ஒற்றைக் குரல் முற்றம் முழுக்க நின்றது. மழை பெய்தால் கரிசல் மண்ணின் வெடிப்பு மூடிக்கொள்ளும் என்பது சென்னையில் எவனுக்குத் தெரியும்? சுதாராணிக்கு உண்மையாகவே தொண்டை அடைத்தது. அந்த நேரத்தில்தான் வீடியோவுக்குள்ளிருந்து, மிகப் பக்கத்திலிருந்து, இன்னொரு பெண் குரல் வெடித்தது.

“ஏய் திருப்பதி! என்னத்தப் போட்டு அலற விட்ருக்க? அமத்து அந்தச் சனியன! சாமி கும்பிடுத நேரத்துல!”

திருப்பதி கையை நீட்டினான். பாட்டு நின்றது. மணி அடித்தது. கற்பூரத் தட்டோடு கேமராவுக்குள் வந்தவள் சுதாராணி. பட்டுப்புடவை, தலை நிறையப் பூ.

சுதாராணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவளைப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

“திரும்பப் போடுங்க” என்றாள் முத்துச்செல்வி.

போட்டாள். அறிவிப்பாளர், இரண்டு வரி, சனியன்.

“இன்னொரு தடவ.”

மூன்றாவது தடவை அவள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள். “ரெண்டாவது வரி முடிஞ்சு மூணாவது வரிக்கு மூச்சு எடுக்கேன் பாருங்க. அதுவும் விழுந்திருக்கு” என்றாள். “அதுக்குள்ள நீங்க வந்துட்டிய.”

“முத்து...”

“மணி நாலே முக்கால் ஆவுதுக்கா.”

சுதாராணி புதுத் தாள் எடுத்தாள். எழுதியது இதுதான்: ‘அன்று இந்தப் பாட்டு வானொலியில் ஒலித்தபோது நான் அங்கே இருந்தேன். முதல் இரண்டு வரிகள் என் காதில் விழுந்தன. இணைத்திருக்கும் நேரலைப் பதிவில் பாட்டை நிறுத்தச் சொல்லும் குரல் என்னுடையது.’ பேனா கடைசி வரியில் கொஞ்சம் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டாள். பேர், வேலை, செல் நம்பர், தேதி. தாளை ஸ்கேன் செய்து, தொழில் செய்தித் தளத்தின் பக்கத்தையும் நேரலையின் லிங்கையும் சேர்த்து அனுப்பியபோது நான்கு ஐம்பத்தாறு. கிடைத்தது என்று தானாக ஒரு பதில் வந்தது. பத்து வேலை நாளில் முடிவு சொல்வார்களாம்.

முத்துச்செல்வி டிபன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“அந்த மூணாவது வரி என்னட்டி?” என்று கேட்டாள் சுதாராணி. கேட்டுவிட்டுத் தன்னையே நொந்துகொண்டாள்.

முத்துச்செல்வி திரும்பிப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

“அத இப்படிச் சொல்ல முடியாதுக்கா. பாட்டாத்தான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அரை நாள் லீவில் இருப்பவள் நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். வாசலில் நேற்றுச் சிரித்தவர்கள் வந்து வரிசை கட்டும்வரை முற்றத்து வெயிலில் காத்து நின்று, எல்லாருக்கும் முன்னால் பையைத் தானே திறந்து காட்டிவிட்டுத்தான் போனாள்.

சுதாராணி செல்லை எடுத்தாள். ஜனவரியில் முத்துச்செல்வி அனுப்பிய லிங்க் இன்னும் அப்படியே கிடந்தது. கீழே ‘கேட்டுட்டு சொல்லுங்கக்கா’ என்று ஒரு செய்தி, அதன் கீழே ஒரு சிரிப்புப் பொம்மை. இரண்டு மாதம் கழித்து, முதல் தடவையாக அதைத் தொட்டாள். கறுப்புக் கட்டம் திறந்தது. இந்தப் பாட்டு நீக்கப்பட்டுள்ளது என்று நடுவில் எழுதியிருந்தது. அவள் அதை மூடாமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஷெட்டுக் குழாயில் ரிதம்வேலியின் பாட்டு ஆரம்பித்தது. இரண்டு வரி முடிந்ததும் டமடமவென்று வேறு எங்கேயோ போயிற்று.